இளையவளின் முறை

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற மனுஷன், செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொருத்தியின் பேச்சை எடுத்தால் எந்தப் பெண்டாட்டிக்கு வயிறு எரியாது? எனக்கு எரிந்தது. கல்யாணமான புதிதிலிருந்தே எரிந்தது. "இன்னிக்கு அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்றுதான் என் வீட்டுக்காரர் வாசலிலேயே ஆரம்பிப்பார். அந்தம்மாவுக்குப் புது மேசை விளக்கு வந்திருக்கிறதாம். அந்தம்மா பேசும்போது குறுக்கே யாரும் வாயைத் திறப்பதில்லையாம். அந்தம்மாவுக்கு ஜன்னல் ஓரத்து இடமாம், இவருக்குக் கழிவறைக்குப் போகிற வழியில் இடமாம். நான் தட்டை வைக்கிற சத்தத்திலேயே என் மனசு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கே புரிந்தது? "இன்னும் கேளு" என்பார்.

இவர் வேலை பார்த்தது ராக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் செய்கிற கூடத்தில். உடனே நிலாவுக்குப் போகிற ராக்கெட் என்று நினைத்துவிட வேண்டாம். இது நேராக மேலே போகும், காற்றே இல்லாத உயரத்துக்குப் போய் அங்கே இருப்பதை அளந்துகொள்ளும், பாராசூட்டில் தொங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடும். நான் போட்டு வைத்த டீ ஆறி ஆடை கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் அதன் வயிற்றுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் செத்துவிடாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பேர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ராக்கெட் உலுக்குகிற உலுக்கலில் திருகு கழன்றுவிடும், பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். அதைத் தாண்டி மேலே போனால் வேறு தொல்லை. கீழே நம்மைச் சுற்றிக் காற்று இருக்கிறது. எது சூடானாலும் அதன் மேல் பட்டு, அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மேலே காற்று கிடையாது. கம்ப்யூட்டர் சில்லு தன் சூட்டிலேயே வெந்துபோகும். "மேல போனா ஊதி ஆத்தறதுக்கு ஆளில்லை" என்பார் இவர்.

அதனால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று ராக்கெட்டுக்குள் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ராக்கெட்டை நடத்துகிற பெட்டிக்கு மூத்தவள் என்று பெயர். மற்றது இளையவள். மூத்தவள் வேலை செய்துகொண்டே 'இருக்கேன், இருக்கேன்' என்று ஓயாமல் ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டிருப்பாள். இளையவள் எல்லாம் தெரிந்தும் எதிலும் தலையிடாமல் அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். துடிப்பு நின்றால் மூத்தவள் போய்விட்டாள் என்று அர்த்தம். உடனே இளையவள் எழுந்து பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். கூடத்தில் இரண்டு பேரையும் சேர்த்துச் சக்களத்திகள் என்பார்கள். ஒருத்தி எப்போது போவாள் என்று இன்னொருத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு என்ன பெயர் வைப்பது?

மூத்தவளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அந்தம்மாவுக்கு. அதனால் நான் அவளுக்கு மூத்தவள்காரி என்று பெயர் வைத்தேன். இளையவள் என் வீட்டுக்காரருடைய பொறுப்பு. அதனால் கூடத்தில் இவருக்கு ஸ்டெப்னி என்று பெயர், வண்டியில் வைத்திருக்கிற மாற்றுச் சக்கரம் மாதிரி. அவள் படித்த படிப்பும் இவர் படித்த படிப்பும் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே வாரத்தில்தான். அவள் திங்கட்கிழமை சேர்ந்தாள். அன்றைக்கு இவர் வீட்டு வண்டியை இவருடைய அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் இவர் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். திங்கட்கிழமை வந்தவளுக்கு மூத்தவளைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அண்ணன் வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் இவர் முகம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

இரண்டாவதாக நிற்பது இவருக்குப் பிறவியிலேயே வந்தது. வீட்டில் இரண்டாவது பிள்ளை. அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, அண்ணன் கிழித்து ஒட்டிய புத்தகம். பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் குழுவில் பெயர் இருந்ததாம். ஆனால் யாருக்காவது கால் சுளுக்கினால்தான் இவர் களத்தில் இறங்கலாம். இவர் இருந்த வருஷங்களில் பார்த்து ஒருத்தருக்கும் கால் சுளுக்கவில்லை. இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எங்கள் கல்யாணக் கதையை மட்டும் அவர் சொன்னதில்லை. அதை என் மாமியார்தான் சொன்னார். முதலில் வேறொரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்களாம். அந்தப் பெண் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அதற்கப்புறம்தான் என்னைப் பார்க்க வந்தார்கள். "அவ மாட்டேன்னதும் நல்லதாப் போச்சு, நீ கெடைச்சே" என்று என் கன்னத்தைத் தட்டினார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிலிருந்து முகம் தெரியாத அந்தப் பெண்ணை நான் கரித்துக் கொட்டாத நாள் குறைவு. எனக்கு அவளோடு ஒரு சண்டை, மூத்தவள்காரியோடு ஒரு சண்டை. இரண்டு பேருக்கும் விஷயமே தெரியாது.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் இவரைக் குறை சொல்ல முடியாது. பலகையில் உயரமாக நிற்கிற பாகங்கள் உலுக்கலில் ஆடி ஒடியும் என்று ஒவ்வொன்றின் காலடியிலும் பசை வைப்பார். கம்பிகளை மெழுகு தடவிய நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டுவார். பெட்டிக்குள் அடைபட்ட காற்று மேலே போனதும் வெளியேறுவதற்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் தூசி இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு துளி ஈயம் உருண்டாலும் அவர் காதுக்குத் தப்பாது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு நாற்காலிக் கால், கதவுக் கைப்பிடி, என் மூக்குக் கண்ணாடியின் திருகு, எல்லாவற்றிலும் ஒரு சொட்டுப் பசை. சுவர்க் கடிகாரத்துக்குள் பேட்டரியையும் ஒட்டிவிட்டார். பேட்டரி தீர்ந்ததும் கடிகாரம் நின்றுபோனது, பேட்டரியை எடுக்கவும் முடியவில்லை. "ஆடாம இருக்கா இல்லையா?" என்று கேட்டார். "ஆடலை. ஓடவும் இல்லை" என்றேன்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் இளையவளுக்கு ஒரு தடவைகூட முறை வரவில்லை. மூத்தவள் விழவே மாட்டேன் என்றாள். ஒவ்வொரு ராக்கெட்டும் போய்விட்டு வரும். மூத்தவளை மேசை மேல் வைத்துப் படம் எடுப்பார்கள், பக்கத்தில் மூத்தவள்காரி நிற்பாள். இளையவளை இவர் ஒரு துணியில் சுற்றித் தன் இடத்துக்குக் கொண்டுபோய், திறந்து, துடைத்து, ஒவ்வொரு பற்றவைப்பையும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். எல்லாம் நன்றாக இருக்கும். நன்றாக இருந்து என்ன? வீட்டுக்கு வரும்போது முகம் தொங்கிப்போயிருக்கும். "அவளும் அதே உலுக்கல்லதான் போனா, அதே உயரத்துக்குத்தான் போனா. அவளை ஒருத்தன் திரும்பிப் பாக்கலை" என்பார். பெட்டிக்குப் பரிந்துகொண்டு பேசுகிறாரா, தனக்காகப் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியாதா என்ன?

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது கூடத்தின் தலைவர் ஒரு கூட்டம் போட்டார். அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். மூத்தவள் இதுவரை விழுந்ததே இல்லை, பிறகு எதற்கு இளையவளைத் தண்டமாகச் சுமக்க வேண்டும், அந்த எடைக்கு இன்னொரு அளவைக் கருவியை வைக்கலாமே என்று சொல்லிவிட்டார். அடுத்துப் பறக்கப்போவதுதான் இளையவளுக்குக் கடைசிப் பயணம். அதற்கப்புறம் இவர் மூத்தவள்காரியின் கீழே வேலை பார்க்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்போடேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மா கைக்குக் கீழயாம்!"

"வேலை போகலையே, விடுங்க" என்றேன்.

"வேலை யாருக்கு வேணும்? ஒரு தடவை. இந்தக் கடைசித் தடவையாச்சும் இளையவளுக்கு முறை வரட்டும். அப்புறம் என்னை வாசல்ல காவலுக்கு நிக்கச் சொன்னாலும் நிக்கறேன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இத்தனை நாள் விளையாட்டுப் பொறாமை என்று நினைத்திருந்தேன். ஆள் உள்ளுக்குள் வெந்துபோயிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனிமேல் நடந்ததைச் சொல்வதற்கு ஒரு சின்ன விஷயத்தை விளக்க வேண்டும். மேலே காற்று இல்லை என்று சொன்னேன். அப்படியானால் சில்லின் சூடு போவதற்கு ஒரு வழி வேண்டும். அதற்காகச் சில்லுக்கும் பெட்டியின் மூடிக்கும் நடுவில் மெத்தென்று ஒரு துண்டு வைப்பார்கள். அதற்குப் பெயரே மெத்தை. சில்லின் சூட்டை வாங்கி மூடிக்குக் கடத்திவிடும். வாங்கி வரும்போது மெத்தையின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அடிப் பக்கம் நீலம், மேல் பக்கம் வெள்ளை. அதைத் தோல் என்பார்கள். இரண்டு தோலையும் உரித்துவிட்டுத்தான் மெத்தையை வைக்க வேண்டும். தோல் இருந்தால் சூடு கடக்காது. உரித்த தோல்களை அந்தந்தப் பெட்டிக்குரிய தட்டில் ஒட்டி வைப்பது அவர்கள் வழக்கம். சோதிக்கிறவர் வந்து, தட்டில் இரண்டு தோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்று முத்திரை குத்திவிட்டுப் போவார்.

மூத்தவள் எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தாள். காற்றை உறிஞ்சிவிட்ட தொட்டிக்குள்ளும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஏதோ ஒரு கம்பி முனை சரியில்லை என்று மூடியைத் திறந்து மாற்றி, புது மெத்தை வைத்து மூடினார்கள். மறுபடியும் தொட்டிக்குள் வைக்க நேரம் இல்லை. ஓட்டிப் பார்த்தார்கள், உலுக்கிப் பார்த்தார்கள், அதோடு சரி.

மூத்தவள்காரியின் தட்டைத் தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வருவது என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். எங்கேயாவது ஒரு தப்புச் செய்திருக்க மாட்டாளா என்கிற நப்பாசைதான். அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றினார், கை கால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். அவளைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. பேசினால் வயிறு எரியும் என்றால், பேசாவிட்டால் வேறு மாதிரி எரிகிறது.

"என்ன, இன்னிக்கு உங்க அந்தம்மா லீவா?"

"வந்திருந்துச்சே."

"அப்புறம் ஏன் பேச்சையே காணோம்?"

அவர் சிரித்தார். வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருக்கிற சிரிப்பு.

"ரெண்டும் நீலம்" என்றார்.

"எது?"

"அந்தம்மா தட்டுல ஒட்டியிருக்கற தோல். ஒண்ணு நீலமும் ஒண்ணு வெள்ளையுமாத்தானே இருக்கணும்? ரெண்டும் நீலம்."

எப்படி நடந்திருக்கும் என்றும் அவரே சொன்னார். முதலில் ஒரு மெத்தையை அளவு தப்பாக வெட்டியிருப்பாள். நீலத் தோலை உரித்துத் தட்டில் ஒட்டிய பிறகுதான் அளவு சரியில்லை என்று பார்த்திருப்பாள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மெத்தையை எடுத்து, அதன் நீலத் தோலை உரித்து ஒட்டி, சில்லின் மேல் அழுத்தியிருப்பாள். நிமிர்ந்து பார்த்தால் தட்டில் இரண்டு தோல். இரண்டையும் உரித்தாயிற்று என்று மூடியை மூடிவிட்டாள். சோதிக்கிறவரும் இரண்டு என்று எண்ணினாரே தவிர நிறத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைத் தோல் உள்ளே மெத்தையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

"கீழ ஓட்டிப் பாத்தப்ப ஒண்ணும் தெரியலை. பெட்டிக்குள்ள காத்து இருந்துச்சு. மேல போனதும்தான் இருக்கு வேடிக்கை. உச்சிக்குப் போறதுக்குள்ள சில்லு கொதிச்சு மூத்தவ படுத்துடுவா. இளையவ எழுந்துக்குவா."

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? யாருக்கு என்ன நஷ்டம்? ராக்கெட் விழப்போகுதா? ஒரு அளவுகூட விட்டுப்போகாது. இதுக்குத்தானே இளையவளை வெச்சிருக்கு? நான் எதையும் தொடலை. சும்மா இருக்கப்போறேன். சும்மா இருக்கறது ஒரு தப்பா?"

மூத்தவள்காரி பெரியவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நான் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். அதற்குள் இவர் எழுந்து, ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தன் தட்டைக் கழுவ ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. இவ்வளவு சந்தோஷத்தையும் இவருக்குக் கொடுத்தது யார்? நான் ஆக்கிப் போட்டதற்கோ உழைத்துக் கொட்டியதற்கோ இவர் ஒரு நாளும் பாடியதில்லை. அவள் தோலை உரிக்க மறந்தாள், இவர் பாடுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ இதுவும் அவ குடுக்கறதுதான்" என்றேன்.

"எதைக் குடுக்கறா?"

"இளையவளோட முறையை. உங்க இளையவ கெட்டிக்காரின்னு பாத்துக் கூப்பிடப்போறாங்களா? மூத்தவ வராம போனதால இவ வந்தா. அவ்வளவுதானே பேச்சு?"

"எப்படி வந்தா என்ன? முறை முறைதான்."

"அந்த இடம் எனக்குத் தெரியும்ங்க. ஒருத்தி வேண்டாம்னு எழுந்து போன இடத்துலதான் நான் இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன். உக்காந்து பாத்தவ சொல்றேன். உசுரு உள்ள வரைக்கும் அது குத்திக்கிட்டேதான் இருக்கும்."

பாட்டு நின்றுவிட்டது. தட்டு கையில் இருக்க, குழாய்த் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேச்சை எதுக்கு இப்ப எடுக்கறே?"

"வேற எப்ப எடுக்கறது? இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட எடுக்கலையே."

தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் சட்டைகூடப் போடாமல் சமையலறை வாசலில் நின்று ஃபோனை எடுத்தார். யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் பக்கத்தில் போய் நின்றேன். அவள் குரலை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். கட்டைக் குரல். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"நான்தாம்மா பேசறேன். உங்க தட்டுல இருக்கற தோல் ரெண்டும் நீலம்."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டும் நீலம்மா. வெள்ளையைக் காணோம்."

பிறகு அவள் கேட்டாள்: "என் தட்டை நீங்க எதுக்குப் பாத்தீங்க?"

"பாக்காம வேற என்ன செய்யறது? எனக்குத்தான் வேலையே கிடையாதே" என்றார் இவர்.

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் என்னைப் பார்த்து, "தோல்கிட்டத் தோத்தவளை ஜெயிச்சு என்ன பெருமை? நல்லா இருக்கறப்ப விழட்டும், அப்பப் பாத்துக்கலாம்" என்றார். குரலில் தெம்பே இல்லை. கைக்கு வந்ததைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கே மூடியைத் திறந்தார்கள். வெள்ளைத் தோல் இருந்தது. வேறு மெத்தை வைத்து மூடினார்கள். மறுநாள் கூட்டத்தில் பெரியவர் வானளாவப் புகழ்ந்தாராம்: முத்திரை குத்தி முடித்த பெட்டியைத் தானாகவே திறந்து பார்க்கிற துணிச்சல் யாருக்கு வரும், பொறுப்பு என்றால் இதுதான், எல்லோரும் இந்தம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. மூத்தவள்காரி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வாயைத் திறக்கவே இல்லையாம்.

"'இவர்தான் சொன்னார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் என் மேல் திரும்பியது. "நீ சொல்லித்தான் சொன்னேன். உன் பழைய கதையை எவன் கேட்டான்?" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. ராக்கெட் கிளம்புகிற நாள் வரைக்கும் எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன.

ராக்கெட் கிளம்புகிற அன்றைக்கு வீட்டு மனிதர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் நான் கிளம்பிவிட்டேன். இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டேன், தலையை இரண்டு தடவை வாரினேன். ராக்கெட்டைப் பார்க்க யார் போனார்கள்? நான் போனது அவளைப் பார்க்க.

நடைவழியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்த்தேன். குள்ளம். காதோரம் நரை. கைப்பிடி பிய்ந்துபோய் நூல் போட்டுத் தைத்த ஒரு பை. இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் எரிந்ததற்கு ஒரு அழகியாவது இருந்திருக்கலாம். நானே போய், இன்னாருடைய வீட்டுக்காரி என்று சொன்னேன்.

"அப்படியா? அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு தெரியும். பாத்ததில்லை" என்றாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் போலிருக்கிறது.

"இல்லைங்க. ஒரு தடவைகூட சொன்னதில்லை."

பாட்டில் நிரம்பியதும் மூடிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் எப்போதும் அவள் பேச்சு, அங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குறை கண்ட இடத்தில்தான் இந்த மனுஷனுக்கு வாய் திறக்கும், என் மேல் குறையே இல்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நானே நம்பவில்லை.

எங்களை ஒரு பெரிய கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் அவர்கள் எல்லோரும் மேசைகள் முன்னால் இருந்தார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்கு ஒலிபெருக்கியில் கேட்டது. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய திரையில் இரண்டு விளக்குகள். பொறுப்பில் இருப்பவளுக்குப் பச்சை, காத்திருப்பவளுக்கு மஞ்சள். மூத்தவளுக்குப் பச்சை எரிந்தது. இளையவளுக்கு வழக்கம் போல மஞ்சள்.

ராக்கெட் கிளம்பியது. தரை கிடுகிடுத்து, கண்ணாடியும் அதிர்ந்தது. திரையில் மூத்தவளின் சூடு ஏறுவதை ஒருத்தர் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏறியது, இன்னும் ஏறியது, உச்சிக்குப் போவதற்குள் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. புது மெத்தை ஒழுங்காக வேலை செய்தது. எல்லோரும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்கு அடுத்த மேசையில் அவள்.

மூத்தவள் கடைசி வரைக்கும் அசைந்து கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அளந்து முடித்தாள். பாராசூட்டைச் சரியான நேரத்தில் விரித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார், ஊருக்காக. மஞ்சள் மஞ்சளாகவே எரிந்துகொண்டிருந்தது. இதுதான் கடைசி. இனிமேல் இளையவள் என்று ஒருத்தி கிடையாது. அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதோ தெரியவில்லை.

இனிமேல் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ராக்கெட் தரையில் மோதுவதற்குள் இரண்டு கம்ப்யூட்டர்களையும் அணைத்துவிட வேண்டும். மின்சாரம் ஓடும்போது மோதினால் பலகை கருகிவிடும். அணைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்களுக்கு விளக்கினார். முதலில் இளையவளைத்தான் அணைப்பார்களாம். மூத்தவளை முதலில் அணைத்தால் துடிப்பு நின்றுவிடும், அவள் செத்துவிட்டாள் என்று நினைத்து இளையவள் எழுந்துவிடுவாளாம்.

"இளையவளை அணைக்கலாம்" என்று ஒலிபெருக்கியில் பெரியவரின் குரல் கேட்டது.

என் வீட்டுக்காரர் விரலைப் பொத்தான் மேல் வைத்தார். அழுத்தவில்லை. வைத்தபடியே இருந்தார். பக்கத்து மேசையில் மூத்தவள்காரி அவர் விரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பொத்தானை அழுத்தினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. மஞ்சள் ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம் அது பச்சையாயிற்று.

திரையில் எண்கள் ஓடுவது நிற்கவில்லை. மேலே மட்டும் பெயர் மாறியிருந்தது. வானத்தில் பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்த ராக்கெட்டை இளையவள் நடத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எந்தப் பக்கம் காற்று தள்ளுகிறது, எங்கே போய் இறங்குவோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என்னம்மா இது, வரிசை மாறிப்போச்சே!" என்றார் பெரியவர்.

"கை தவறிடுச்சு சார்."

அவளாவது, கை தவறுவதாவது.

"சரி சரி, இளையவளையும் அணைச்சிடுங்க. தரை வந்துடும்."

"இருங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். யாரையும் எதற்காகவும் காக்க வைத்துப் பழக்கமில்லாத மனுஷன். "இன்னும் கொஞ்சம். அவ பாத்துக்குவா." தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற வரைக்கும் அவளை ஓட விட்டுவிட்டு, கடைசியில்தான் அழுத்தினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

எங்கள் பெண் பிறந்தபோது அவர் அழவில்லை. அவருடைய அம்மா போனபோதுகூட அழவில்லை. ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று நான் எழுந்து போய்க் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இவர் பக்கம் பார்க்காமல் தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் நான் காரணமில்லாமல் பொறாமைப்பட்டேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குக் காரணம் கிடைத்தது.